விட்ரா: அந்த நாற்காலிக் குடும்பத்தைப் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீட்டுல மூணு தலைமுறையா மர வேலை. தாத்தா பட்டறை வச்சிருந்தாரு, அப்பா வச்சிருந்தாரு, நான் ஃபர்னிச்சர் டிசைன் பக்கம் வந்துட்டேன். யாரு நாற்காலி பத்தி பேச்செடுத்தாலும் நான் கடைசியில விட்ராவுல போய்த்தான் நிப்பேன்னு நண்பர்களுக்குத் தெரியும், அதனால கேள்வி வந்துக்கிட்டே இருக்கும், வாட்ஸ்அப்ல துண்டு துண்டா பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். இனிமே யாரு கேட்டாலும் இதையே அனுப்பிடலாம்னு எல்லாத்தையும் சேத்து எழுதிட்டேன்.

விட்ராவா? அது பாத்ரூம் சாமான் கம்பெனி இல்லையா?

எப்பவுமே முதல் கேள்வி இதுதான். டைல்ஸ், சானிட்டரி கடையில நீங்க பாக்கற விட்ரா துருக்கி நாட்டு கம்பெனி. நான் சொல்றது சுவிஸ் கம்பெனி, பேரு மட்டும் ஒண்ணா அமைஞ்சுபோச்சு. சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்தை ஒட்டி பிர்ஸ்ஃபெல்டன்ல தலைமை அலுவலகம், எல்லையைத் தாண்டி ஜெர்மனியில வைல் ஆம் ரைன்ங்கற ஊர்ல தொழிற்சாலை. ஆரம்பிச்ச நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரே குடும்பத்தோட சொத்து, ஷேர் மார்க்கெட்ல கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, இவங்க பரிசோதனை டிசைன் பண்றவங்கன்னு நான் எப்பவும் சொல்றதும், கீழ சொல்லப்போற எல்லாமே இதுலேருந்துதான் வருது.

யாரு ஆரம்பிச்சாங்க?

வில்லி ஃபேல்பௌம், எரிகா ஃபேல்பௌம்னு ஒரு தம்பதி. வில்லி 1934ல பாசல்ல கடைகளுக்கு ஷோகேஸ், ராக்கெல்லாம் செஞ்சு கொடுக்கற ஒரு தொழிலை எடுத்து நடத்துனாரு. அப்புறம் 1950ல வைல் ஆம் ரைன்ல விட்ரா. ஷோகேஸ் கண்ணாடி அலமாரிக்கு அவங்க ஊர்ல விட்ரீன்னு சொல்லுவாங்க, அதுலேருந்து வந்த பேரு. அதாவது அவங்க நாற்காலிக்காரங்களே இல்ல, நம்ம ஊர்ல நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் உள்வேலை செஞ்சு கொடுக்கறாங்களே, அந்த மாதிரி தொழில்.

1953ல வில்லி அமெரிக்கா போறாரு. நியூயார்க்ல டாக்ஸியில போகும்போது ஒரு கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி டிசைன் பண்ண நாற்காலிங்களைப் பாக்கறாரு. பாத்த உடனே முடிவு பண்ணிட்டாரு, இதைத்தான் நாம செய்யணும்னு. அதை அமெரிக்காவுல செஞ்சுக்கிட்டிருந்தது ஹெர்மன் மில்லர்ங்கற கம்பெனி. அவங்ககிட்ட பேசிப் பேசி ஐரோப்பாவுல செய்யற லைசென்ஸ் கைக்கு வர 1957 ஆயிடுச்சு. நாலு வருஷம்! வில்லிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஈம்ஸ் தம்பதி வந்தப்ப மகன் ரோல்ஃப்தான் மொழிபெயர்ப்பு, அப்போ அவருக்கு 16 வயசு இருக்கும். அந்த வயசுல அந்த ரெண்டு பேரோட பேச்சைக் கேட்டு, அதை அப்பாவுக்குப் புரியற மாதிரி சொல்லிக் கொடுத்த பையன்தான் பின்னாடி கம்பெனியவே மாத்துனவரு.

பரிசோதனை டிசைன்னு சொல்றீங்களே, எல்லாக் கம்பெனியும் புது மாடல் போடத்தானே செய்யுது?

புது மாடல் வேற, பரிசோதனை வேற. எங்க பட்டறைக்கு ஒருத்தர் ஃபோன்ல படம் காட்டி இதே மாதிரி சோபா வேணும்னா, தேக்குல என்ன கனம் போடணும், எங்க முளை அடிக்கணும், எத்தனை நாள் ஆகும், எல்லாம் அப்பாவுக்கு முன்னாடியே தெரியும். வடிவம்தான் புதுசு, செய்முறை பழசு. விட்ரா எடுக்கற வேலைல பல தடவை முதல் நாள்ல யாருக்குமே தெரியாது, இது நிக்குமா, ஆளு உக்காந்தா தாங்குமா, இதை ஆயிரம் செய்ய முடியுமா, ஒண்ணுமே. தெரியாமலே இறங்கி, பணத்தைப் போட்டு, வருஷக்கணக்கா காத்திருந்து பாக்கறதைத்தான் நான் பரிசோதனைன்னு சொல்றேன். இதுக்கு பான்டன் சேர் கதையைச் சொன்னாத்தான் புரியும்.

சரி, பான்டன் சேர் கதை என்ன?

கொஞ்சம் நீளம், ஆனா முழுசா சொல்லணும்.

வெர்னர் பான்டன் டென்மார்க்காரர். காலே இல்லாத, ஒரே துண்டு பிளாஸ்டிக்ல, வளைஞ்சு நெளிஞ்சு எஸ் எழுத்து மாதிரி ஒரு நாற்காலி வேணும்னு அவருக்கு ஆசை. பின்னாடி தாங்கறதுக்கு ஒண்ணும் கிடையாது, நம்ம உக்காரற எடை முழுக்க சீட்டோட முன்பக்க வளைவுல இறங்கி அடிப்பாகத்துக்குப் போகணும். பல கம்பெனிங்க மாட்டேன்னுட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, ஏன்னா அன்னிக்கு இதைத் தாங்கற பிளாஸ்டிக்கே சரியா கிடையாது. விட்ரா குடும்பம் சரின்னாங்க. பான்டனும் குடும்பத்தோட பாசலுக்கே குடிவந்துட்டாரு. மாதிரி மேல மாதிரியா செஞ்சு பாத்து 1967ல முதல் தொகுதி வெளிய வந்தது, சுமார் 150 நாற்காலி, ஃபைபர்கிளாஸ் கலந்த பாலியஸ்டர். கனம் ஜாஸ்தி, கைவேலையும் ஜாஸ்தி.

அடுத்த வருஷமே, 1968ல, பாலியூரித்தேன் கெட்டி ஃபோமுக்கு மாறுனாங்க. மோல்டுலேருந்து வரும்போது உருவம் நல்லா வந்துடும், ஆனா மேல்பரப்பு சரியா இருக்காது, ஒவ்வொண்ணையும் பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெயிண்ட் அடிக்கணும். டூக்கோ பெயிண்ட் வேலை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வளைவான சாமானுக்கு அது எவ்வளவு நேரம் பிடிக்கும்னு. நாற்காலி அழகா இருந்தது, விலை ஏறிடுச்சு. எல்லாரும் வாங்கற நாற்காலின்னு பான்டன் நினைச்சது நடக்கல.

அதனால 1971ல இன்ஜெக்‌ஷன் மோல்டிங். லுரான் எஸ்னு ஒரு பிளாஸ்டிக், குருணையா இருக்கும், உருக்கி மோல்டுக்குள்ள அடிச்சா கலரோட நாற்காலியா வெளிய வந்துடும், தேய்க்க வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். விலையும் இறங்கிடுச்சு, எல்லாரும் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சிருப்பாங்க. ஆனா சில வருஷம் போனதும் நாற்காலிங்க விரிசல் விட ஆரம்பிச்சுது. உடைஞ்சுது. அந்த பிளாஸ்டிக் வெயிலுக்கும் வயசுக்கும் தாங்கல, அதுவும் எடை முழுக்க இறங்கற அந்த வளைவுல. உடைஞ்ச நாற்காலி கம்பெனிக்கே திரும்பி வந்தா பேரு கெடும் இல்லையா, 1979ல செய்யறதையே நிறுத்திட்டாங்க.

இங்கதான் எனக்கு இந்தக் குடும்பத்து மேல மரியாதை. வேற கம்பெனின்னா அந்த ஃபைலை மூடி பரண்ல போட்டிருப்பாங்க. இவங்க 1990ல மறுபடி எடுத்தாங்க, பழைய ஃபோம் முறைய இன்னும் நல்லா பண்ணி. அதோட விடாம பாலிபுரொப்பிலீன்ல முயற்சி பண்ணி 1999ல கொண்டு வந்தாங்க, மேட் ஃபினிஷ், கைக்கு எட்டற விலை, வெளிய போட்டாலும் தாங்கும். பான்டன் மொதல்ல என்ன கேட்டாரோ அது. ஆனா அவர் 1998லயே இறந்துட்டாரு. வேலை நடந்தப்போ இருந்தாரு, கடைக்கு வந்தப்போ இல்ல, இதை நினைச்சா எனக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. ஒரு நாற்காலிக்கு முப்பது வருஷத்துக்கு மேல, நாலு வகை பிளாஸ்டிக். மூணு மாசத்துக்கு ஒருதரம் லாபக் கணக்கு காட்டவேண்டிய கம்பெனியில இது நடக்குமா சொல்லுங்க.

அப்போ நம்ம கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் சேரும் இதுவும் ஒண்ணுதானே?

நல்ல கேள்வி, நிறைய பேர் இதை ஒரு மாதிரி குத்திக்காட்டறதுக்காகக் கேக்கறாங்க, ஆனா உண்மையிலேயே ரெண்டுக்கும் சொந்தம் இருக்கு. மண்டபத்து சேருக்கு டிசைன் உலகத்துல மோனோபிளாக்னு பேரு. ஒரே துண்டு பிளாஸ்டிக்ல நாற்காலி செய்ய முடியுமான்னு 1960கள்ல ஐரோப்பாவுல பல பேரு மண்டையை உடைச்சுக்கிட்டாங்க, பான்டன் அதுல ஒருத்தர், ஜெர்மனியில ஹெல்முட் பேட்ஸ்னர், இத்தாலியில விக்கோ மஜிஸ்ட்ரெட்டி இவங்கெல்லாம் கூட. அந்தத் தேடல் போய்ச் சேர்ந்த இடம்தான் உலகம் முழுக்க இன்னிக்கு அடுக்கி வச்சிருக்கற மண்டபத்து சேர். அதுக்கு நாலு கால் இருக்கு, அதனால எடை பிரிஞ்சுடும், மெலிசா செய்யலாம், பாலிபுரொப்பிலீனை உருக்கி அடிச்சா ஒரு நிமிஷத்துக்குள்ள ஒரு நாற்காலி. பான்டன் சேருக்கு அந்த வசதி இல்ல, எல்லாத்தையும் ஒரே வளைவு சுமக்குது. விட்ரா டிசைன் மியூசியம் 2017ல மோனோபிளாக்குக்குன்னே ஒரு கண்காட்சி வச்சாங்க. நாம பந்தியில இழுத்துப் போட்டு உக்காரற நாற்காலிய அவங்க மேடையேத்தி மரியாதை பண்ணதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்.

தொழிற்சாலை தீப்பிடிச்சதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். 1981ல மின்னல் தாக்கி வைல் ஆம் ரைன் தொழிற்சாலையில பெரும்பகுதி எரிஞ்சுபோச்சு. இன்சூரன்ஸ் இருந்துச்சு, ஆனா உற்பத்தி நின்னதுக்கான காப்பீடு ஆறு மாசத்துக்குத்தான். அதுக்குள்ள மெஷின் ஓடியாகணும். நிக்கோலஸ் கிரிம்ஷாங்கற இங்கிலாந்து கட்டடக்கலைஞர், ரெடிமேடா செஞ்சு கொண்டுவந்து மாட்டற உலோகச் சுவரை வச்சு ஆறு மாசத்துல கட்டடத்தை எழுப்பிட்டாரு. அப்போ பொறுப்புல இருந்தது ரோல்ஃப், 1977லேருந்து. கிரிம்ஷாவையே வச்சு மொத்த இடத்துக்கும் ஒரு திட்டம் போட்டாங்க, எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி வரிசையா.

அந்தத் திட்டம் பாதியில மாறிடுச்சு. வில்லியோட 70ஆவது பிறந்தநாளுக்குப் பிள்ளைங்க ஒரு சிற்பம் பரிசாக் கொடுக்கறாங்க, 1984ல. கிளாஸ் ஓல்டன்பர்க், கோஸ்யே வான் புருக்கன் செஞ்சது, சுத்தியல், குறடு, ஸ்க்ரூ டிரைவர் மூணும் பெருசா வளைஞ்சு நிக்கும். மரவேலை பாக்கற குடும்பத்துல பொறந்தவன் நான், ஒரு முதலாளிக்கு இதைவிட நல்ல பரிசு கொடுக்க முடியாதுன்னு நினைக்கறேன். அந்த சிற்பிங்க வழியா அறிமுகமானவர்தான் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி. அவர் 1989ல கட்டுன விட்ரா டிசைன் மியூசியம்தான் ஐரோப்பாவுல அவரோட முதல் கட்டடம். அதுக்கப்புறம் ஒரே மாதிரிங்கற பேச்சே போயி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு ஆள்னு ஆயிடுச்சு.

தீயணைப்பு நிலையம் கதை தெரியுமா? ஒருதரம் எரிஞ்ச இடம்ங்கறதால கம்பெனிக்குன்னு சொந்தமா தீயணைப்புப் படை வச்சாங்க, அதுக்கு ஒரு கட்டடம் வேணும். ரோல்ஃப் அதை ஸாஹா ஹதீத்ங்கற கட்டடக்கலைஞருக்குக் கொடுத்தாரு. அன்னிக்கு அவங்க வரைபடங்களுக்காகப் பேர் வாங்குனவங்க, ஆனா பெருசா எதுவும் கட்டி முடிக்கல, இதையெல்லாம் கட்டவே முடியாதுன்னு ஊரே பேசுச்சு. 1993ல கட்டி முடிச்சாங்க, கான்கிரீட் சுவரெல்லாம் கத்தி மாதிரி சாஞ்சு நிக்கும். அவங்க முதல்ல கட்டிமுடிச்ச பெரிய வேலை அது. பின்னாடி அந்த ஊர் தீயணைப்பு ஏற்பாடு மாறினதால அங்க இப்போ தீயணைப்பு வண்டி இல்ல, கண்காட்சி, நிகழ்ச்சிதான். பெருசா எதுவும் கட்டிக் காட்டாத ஒருத்தரை நம்பி வேலை கொடுக்கறதும் ஒரு பரிசோதனைதான்.

அதே 1993ல தடாவ் ஆண்டோ கட்டுன அரங்கம், 1994ல அல்வாரோ சீசா கட்டுன செங்கல் தொழிற்சாலை. சீசா கட்டடத்துலேருந்து பக்கத்துக் கட்டடத்துக்கு ஒரு பாலம் மாதிரி கூரை இருக்கு, மழை வந்தா அது தானா கீழ இறங்கி வந்து சாமான் நனையாம மூடும், வெயில் நேரத்துல மேல போயி வழிய மறைக்காம நிக்கும். எனக்கு அங்க இருக்கறதுலயே ரொம்பப் பிடிச்சது அந்தக் கூரைதான். 2010ல ஹெர்சோக் – டி மியூரோன் கட்டுன விட்ராஹவுஸ், 12 வீட்டை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கின மாதிரி.

உக்காரவே முடியாத நாற்காலியெல்லாம் ஏன் செய்யறாங்க?

விட்ரா எடிஷன்னு ஒரு பிரிவு, 1987ல ஆரம்பிச்சது, அதைக் கேக்கறீங்கன்னு நினைக்கறேன். டிசைனர்களைக் கூப்பிட்டு, விலையையும் விற்பனையையும் மறந்துட்டு என்ன வேணா பண்ணுங்கன்னு விட்டுடறது. ரான் அராட் நாலு ஸ்பிரிங் ஸ்டீல் தகட்டை வளைச்சு, திருகு போட்டு இழுத்துப்பிடிச்சு ஒரு சோபா நாற்காலி செஞ்சாரு, பஞ்சு கிடையாது, ஃபிரேம் கிடையாது, தகடு விறைச்சு நிக்கறதுதான் மெத்தை. ஷிரோ குரமாத்தாங்கற ஜப்பான்காரர் ஜன்னலுக்கும் வேலிக்கும் போடற கம்பிவலை மாதிரி இருக்கற ஸ்டீல் வலையை வச்சே முழு சோபா செஞ்சாரு, உள்ள ஒண்ணுமே இல்ல, காத்து மட்டும்தான். கெரி அட்டையில செஞ்சாரு.

உக்காரவே முடியாதுங்கறது தப்பு, உக்காரலாம். தினமும் வீட்டுல போட்டு உக்காரறதுக்காக செஞ்சதில்லங்கறது சரி. ஆனா தகட்டுக்கு எவ்வளவு விறைப்பு இருக்கு, வலை எங்க வளையும்னு கத்துக்கிட்டது எங்கயும் போகாது, செய்யறவங்க கையில தங்கிடும். பட்டறையில அப்பா மீந்த கட்டையில எதையாவது செஞ்சு பாப்பாரு, வாங்க ஆள் இருக்காது, ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கதவுல அந்த இணைப்பு வந்து உக்காந்திருக்கும்.

இப்படிப் பண்ணா பணம் எங்கேருந்து வருது?

ஆபீஸ். ஆபீஸ் நாற்காலி, மேஜை, ஏர்போர்ட் இருக்கை. அப்புறம் ஈம்ஸ் மாதிரி எப்பவும் விக்கற பழைய டிசைன்கள். 1984ல ஹெர்மன் மில்லரோட இருந்த லைசென்ஸ் ஏற்பாடு முடிஞ்சப்போ ஐரோப்பாவுக்கும் மத்திய கிழக்குக்கும் ஈம்ஸ், ஜார்ஜ் நெல்சன் டிசைன்களோட உரிமை விட்ரா கைக்கு வந்தது, அதுதான் அவங்க முதுகெலும்பு. ஆனா ஆபீஸ் சாமான்லயும் சும்மா இல்ல. பிரெஞ்சு அண்ணன் தம்பி ரோனான், எர்வான் புரூலெக் 2002ல ஜாயின்னு ஒரு ஆபீஸ் மேஜை கொண்டு வந்தாங்க, ஆளுக்கு ஒரு டப்பா மாதிரி அடைக்காம, கிராமத்து வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காரற பெரிய மேஜை மாதிரி. இன்னிக்கு எந்த ஐடி கம்பெனிக்குள்ள போனாலும் நீள மேஜைதான், அன்னிக்கு அது புதுசு.

குடும்பத்துல இப்போ யாரு?

மூணாவது தலைமுறை. ரோல்ஃபோட தம்பி ரேமண்ட் மகள் நோரா ஃபேல்பௌம் 2016ல பொறுப்புக்கு வந்தாங்க. நடுவுல 2013ல பின்லாந்தோட ஆர்டெக் கம்பெனியையும் வாங்குனாங்க, ஆல்வர் ஆல்டோ 1935ல மத்தவங்களோட சேந்து ஆரம்பிச்சது. நோரா காலத்துல பரிசோதனை பழைய பிளாஸ்டிக் பக்கம் திரும்பியிருக்கு. டிப் டன்னு ஒரு பள்ளிக்கூட நாற்காலி, முன்பக்கம் ஒன்பது டிகிரி சாயும், எழுதும்போது முதுகு நிமிரும். அதையே ஜெர்மனி வீடுகள்ல பிரிச்சுப் போடற குப்பை பிளாஸ்டிக்ல செய்யறாங்க. கலர் சுத்தமா வராது, புள்ளி புள்ளியா இருக்கும், அதை மறைக்காம அப்படியே விட்டிருக்காங்க.

ஆன்லைன்ல மூவாயிரத்துக்கு வர்ற ஈம்ஸ் சேர் ஒரிஜினலா?

இல்ல. அந்த விலைக்கு ஒரிஜினல் வரவே வராது. வாங்கறவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், நம்ம வருமானத்துக்கு ஒரிஜினல் கட்டுப்படியாகாது. ஆனா அதை ஈம்ஸ் பேருல விக்கறது எனக்குப் பிடிக்கல. அந்தக் காசுல நல்ல ஆசாரிகிட்ட போயி வேங்கையில ஒரு ஸ்டூல் செஞ்சுக்கோங்கன்னுதான் சொல்லுவேன்.

இந்தியாவோட ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. ஈம்ஸ் தம்பதி இந்திய அரசு அழைச்சு இங்க வந்து சுத்திப் பாத்து 1958ல ஒரு அறிக்கை கொடுத்தாங்க, அதை வச்சுத்தான் 1961ல அகமதாபாத்ல தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில நம்ம சொம்பைப் பத்திதான் ரொம்ப ஆசையா எழுதியிருக்காங்க, இடுப்புல வச்சாலும் தலையில வச்சாலும் பொருந்தற மாதிரி எத்தனை தலைமுறை சேந்து வடிச்சதுன்னு. அப்புறம் நம்ம ஊர் கட்டடக்கலைஞர் பி.வி. தோஷி. ரோல்ஃப் குஜராத்ல மோதேரா சூரியன் கோயிலைப் பாத்துட்டு வந்து, அந்த மாதிரி அமைதியா உக்காரற ஒரு இடம் வைல் ஆம் ரைன் வளாகத்துல வேணும்னு தோஷிகிட்ட கேட்டிருக்காரு. தோஷியோட பேத்தியும் பேத்தி கணவரும் கூட சேந்து வரைஞ்சாங்க, 2023ல தோஷி இறந்துட்டாரு, 2025ல திறந்தாங்க. வளைஞ்சு வளைஞ்சு மண்ணுக்குள்ள இறங்கற பாதை, முடிவுல ஒரு அறை. இந்தியாவுக்கு வெளிய அவரோட ஒரே கட்டடம்.

போய்ப் பாக்கலாமா?

தாராளமா. பாசல் நகரத்துலேருந்து 8ஆம் நம்பர் டிராம் எல்லை தாண்டி வைல் ஆம் ரைன் வரைக்கும் போகுது, அங்கேருந்து நடந்துடலாம். பாஸ்போர்ட் கையில இருக்கணும், நாடு மாறுது. மியூசியத்தோட ஷவ்டேப்போங்கற கட்டடத்தை விட்டுடாதீங்க, 400க்கு மேல நாற்காலிங்க அடுக்கடுக்கா ராக்ல நிக்கும், நடக்க நடக்க இருநூறு வருஷம் கண்ணு முன்னாடி போகும். ஒரு முழு நாள் ஒதுக்குங்க.

எங்க தாத்தா வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்த பழைய பான்டன் சேர் ஒண்ணு வீட்டுல இருக்கு, எந்த வருஷத்துது?

கவுத்துப் போட்டு பாருங்க. சீட்டுக்கு அடியில, வளைவு கீழ இறங்கற இடத்துல, விலா எலும்பு மாதிரி வரி வரியா பட்டை இருந்தா அது 1971லேருந்து 79க்குள்ள வந்த லுரான் எஸ், மெலிசான பிளாஸ்டிக்குக்குத் தாங்கலா கொடுத்த பட்டை அது. பட்டை இல்லாம, கனமா, பளபளன்னு பெயிண்ட் அடிச்சிருந்தா ஃபோம் வகை, பெயிண்ட் பேந்த இடத்துல உள்ள வேற நிறம் தெரியும். பளபளப்பு இல்லாம உள்ளயும் வெளியயும் ஒரே கலர்னா 1999க்கு அப்புறம் வந்தது. பட்டை இருக்கற வகையா இருந்தா, தயவுசெஞ்சு யாரையும் அதுல உக்கார விடாதீங்க, குழந்தைங்களை சுத்தமா வேண்டாம். வெயில் படாத மூலையில வச்சு, ஈரத்துணியால மட்டும் துடைங்க. எனக்கு அடிப்பாகத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்க, பாக்கணும்னு ஆசையா இருக்கு.